காப்பித்தண்ணி

வேப்பிலையைக் கழுவி, பொடியாக நறுக்கி, காய்ச்சி வடித்த நீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் வெளிர்மஞ்சளாக ஒரு சாறு இறங்கும். அதை வடிகட்டி, நீர்போலத் தெளிந்திருக்கும் சில்வர் நைட்ரேட் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு தேன் நிறம் வரும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குடுவை முழுக்கக் கருஞ்சிவப்பாக, முதல் டிகாக்ஷன் மாதிரி நிற்கும். வெள்ளி அயனிகள் வேப்பிலைச் சாற்றிலிருக்கும் பொருட்களிடம் எலக்ட்ரான் வாங்கி, உலோக வெள்ளியாகி, நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் திரண்டுவிட்டன என்பதற்கு அந்த நிறம்தான் சாட்சி. கருவியில் வைத்தால் 420 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு மேடு தெரியும். அந்த மேட்டைப் பார்த்துக் கைதட்டாத மாணவர்களை நான் கண்டதில்லை. அவர்களோடு நானும் கைதட்டியிருக்கிறேன்.

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2010 தொடங்கி எட்டு வருடம், எம்.எஸ்ஸி. இறுதிப் பருவத்து மாணவர்களுக்கு நான் கொடுத்த புராஜெக்ட் பெரும்பாலும் இதுதான். ஒரு குழு வேப்பிலை என்றால் இன்னொரு குழு துளசி, மற்றொன்று முருங்கை. செலவு குறைவு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும், முடிவு கண்ணுக்குத் தெரியும். வேப்பிலைச் சாற்றில் வெள்ளித் துகள் தயாரிக்கும் வழியைப் புனே தேசிய இரசாயன ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004இல் வெளியிட்டது. அதன்பிறகு தென்னிந்தியாவில் எந்த இலை மிச்சம் என்று தேடவேண்டிய நிலை. நச்சு இரசாயனங்கள் இல்லாமல் இலைச் சாற்றிலேயே செய்வதால் இதற்குப் ‘பசுமைத் தயாரிப்பு’ என்று பெயர்.

அந்தப் பெயரை நான் முழுசாக நம்பினேன். நம்பியதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. அம்மை போட்டால் தலைமாட்டில் வேப்பிலை. குழந்தைக்குப் பால் புகட்ட வெள்ளிப் பாலாடை, இடுப்பில் வெள்ளி அரைஞாண். வெள்ளிக் குடத்துத் தண்ணீர் கெடாது என்று திருக்கோவிலூர்ப் பக்கம் எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். வேப்பிலையும் வெள்ளியும் சேர்ந்தால் அதில் கெடுதல் எங்கிருந்து வரும்? வகுப்பில் இதை அப்படியே சொல்லியிருக்கிறேன். நம் முன்னோர் அறிந்திருந்தது இப்போது நானோவாகத் திரும்பி வந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கட்டம் பெட்ரித் தட்டு. பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் சிறு குழி தோண்டி, அதில் இரண்டு சொட்டு வெள்ளிக் கரைசல். மறுநாள் காலையில் குழியைச் சுற்றி ஒன்றும் வளராமல் தெளிவான ஒரு வட்டம் இருக்கும். தடைவளையம். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து அட்டவணை போட்டால் புராஜெக்ட் முடிந்தது. வளையம் பெரிதானால் மதிப்பெண்ணும் பெரிது.

சோதனைக்குத் தேவைப்படுவது சில மில்லிலிட்டர். நாங்கள் தயாரிப்பதோ கால் லிட்டர், அரை லிட்டர். மிச்சம் எல்லாம் சிங்க்கில் போகும். குழாயைத் திறந்துவிட்டு ஊற்றுவோம். அந்த எட்டு வருடத்தில் ஒரு மாணவன்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது பெங்களூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வகுப்பையே அழைத்துக்கொண்டு போனேன். கரையோரம் வெள்ளை வெள்ளையாக வயிறு மேலே தெரிய ஒதுங்கிக் கிடந்தன. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கழிவுநீர் கலந்தால் கரைந்த ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது, கோடை வெயில் அதை எப்படி மோசமாக்குகிறது என்று அரைமணி நேரம் பேசினேன். மாநகராட்சியையும் குடிநீர் வாரியத்தையும் கடுமையாகக் குறை சொன்னேன். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். கல்லூரிக்குத் திரும்பி வந்தோம். அது புராஜெக்ட் பருவம். அன்று சாயங்காலமும் குடுவைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

என் கண் திறந்தது ஏரிக்கரையில் இல்லை. வீட்டு மீன் தொட்டியில்.

மகளுக்காக வாங்கியது. அறுபது லிட்டர்த் தொட்டி, ஒரு டஜன் கப்பி, நாலு கறுப்பு மோலி, தானாக வந்து சேர்ந்த நத்தைகள். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துக் கடையில் மீனோடு ஒரு பாலிதீன் பையில் மொய்னாவும் கொடுத்தார்கள். மொய்னா என்பது நீர்த்தெள்ளு. கடுகில் பாதிகூட இராது. தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும். மீன் குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. மொட்டைமாடியில் நாற்பது லிட்டர் டப் ஒன்றில் விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அந்த டப்பில் ஊற்றுவது வழக்கம். பழைய தண்ணீரின் சத்தில் பாசி வரும், பாசியைத் தின்று மொய்னா பெருகும். வெயில் ஏறும்போது டப்பின் ஒரு மூலையில் இளஞ்சிவப்பு மேகம்போலத் திரண்டு நிற்கும். காப்பி டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அன்றாடப் பூஜைபோல.

2017 ஏப்ரலில் ஒரு மோலிக்கு வால் அழுக ஆரம்பித்தது. ஓரம் வெளுத்து, நார் நாராகக் கிழிந்தது. பாக்டீரியா செய்யும் வேலை அது. கடையில் போய் மருந்து கேட்கவேண்டிய நான், ஆய்வகத்திலிருந்து வேப்பிலை வெள்ளிக் கரைசல் கொஞ்சம் கொண்டுவந்தேன். தட்டில் அத்தனை பாக்டீரியாவைக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவன் ஆயிற்றே. சாயங்காலம் இருபது மில்லி வீதம் ஐந்து நாள் ஊற்றினேன்.

நாலாம் நாளே வால் தேறியது. கிழிசலின் ஓரம் சுத்தமாக, புதுச் சவ்வு கட்டத் தொடங்கியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைபேசியில் படமெடுத்து மாணவர்களுக்குக் காட்டினேன். அடுத்த வருட புராஜெக்டுக்கு இதையே தலைப்பாக வைக்கலாம் என்றுகூடச் சொன்னேன்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல ஒரு வாளித் தண்ணீரை மொய்னா டப்பில் ஊற்றினேன். திங்கள் காலை மாடிக்குப் போனால் மேகம் இல்லை. டப்பின் அடியில் மெல்லிய மண்ணடுக்கு மாதிரி ஏதோ படிந்திருந்தது. கையை விட்டுக் கலக்கினேன். எழுந்து சுழன்றது, மறுபடி அடியில் போய் உட்கார்ந்தது. ஒன்றுகூடத் துள்ளவில்லை.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வாரம் காவேரித் தண்ணீர் வரவில்லை. சனிக்கிழமை லாரித் தண்ணீர் வாங்கி, அதில் கொஞ்சம் டப்பிலும் விட்டிருந்தேன். உடனே தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டேன். எந்த ஏரியில் மொண்டு வருகிறாய், என்ன விஷத்தைக் கொடுக்கிறாய் என்று மாடியில் நின்று கத்தினேன். எங்கள் தெருவில் பத்து வீட்டுக்காவது கேட்டிருக்கும். அவர் பாவம், தர்மபுரிப் பக்கத்துக்காரர். “இல்லீங்க சார், நம்ம வீட்ல நாங்களும் அந்தத் தண்ணிதாங்க குடிக்கிறோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மாதம் அவருக்குத் தரவேண்டிய பணத்தில் ஒரு லாரிக்கானதைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் வேறு இரண்டு வீட்டாரும் அவரை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த சில நாட்களில் தொட்டியில் நத்தைகள் ஒவ்வொன்றாக ஓட்டுக்குள் சுருங்கி அடியில் கிடந்தன. பிறகு தண்ணீர் பால் கலந்தாற்போல மங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மோனியா பார்க்கும் சோதனைக் குழாயில் சொட்டு விட்டேன். மஞ்சளாக இருக்கவேண்டியது கரும்பச்சையாக மாறியது. பாதித் தண்ணீரை மாற்றினேன், மறுநாளும் மாற்றினேன். முதல் வெள்ளிச் சொட்டு விழுந்து இரண்டு வாரம் ஆவதற்குள் எட்டுக் கப்பியும் மூன்று மோலியும் போயின. வால் அழுகிய மோலியும் அதில் ஒன்று. கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். வால் முழுசாக ஆறியிருந்தது.

மகள் அழவில்லை. “மருந்து குடுத்தீங்களேப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். எட்டு வருடத்துக்கு முன்பே படித்திருக்கவேண்டியவை. தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் வழவழவென்று படிந்திருப்பது அழுக்கு அல்ல, பாக்டீரியா. மீன் வெளியிடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறவை அவை. அவை இருப்பதால்தான் மீன் தன் கழிவிலேயே மூச்சுமுட்டிச் சாகாமல் இருக்கிறது. மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 2008இல் இதே வகைப் பாக்டீரியாவின் மீது வெள்ளியை விட்டுப் பார்த்திருந்தார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் நானோவெள்ளி அவற்றின் வளர்ச்சியில் 86 சதவீதத்தை முடக்கியது. அதே அளவு வெள்ளி அயனியாக இருந்தபோது முடங்கியது 42 சதவீதம்தான். தட்டில் நான் ஸ்கேல் வைத்து அளந்து மகிழ்ந்த அதே தடைவளையம், என் தொட்டியின் ஃபில்டருக்குள்ளும் விழுந்திருக்கிறது. வாலைத் தின்னும் பாக்டீரியா எது, தொட்டியைத் தாங்கும் பாக்டீரியா எது என்று வெள்ளிக்குத் தெரியாது. நுண்ணுயிரியல் படித்த எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மீனுக்கு நேரடியாகவும் அடி விழுகிறது. நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு உண்டு, சுற்றியிருக்கும் தண்ணீரில் உப்பு அநேகமாகக் கிடையாது. அதனால் உடம்பின் உப்பு ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கும். அதை ஈடுகட்டச் செவுளில் சோடியத்தை உள்ளே இழுக்கும் நொதிகள் இரவு பகலாக வேலை செய்கின்றன. நானோத்துகள் தண்ணீரில் மெதுவாகக் கரைந்து வெள்ளி அயனியை விடும். அந்த அயனி சோடியம் போகும் வழியாகவே செவுளுக்குள் நுழைந்து, அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். உப்பு வெளியே போகும், உள்ளே வராது. இரத்தம் தடிக்கும், இதயம் திணறும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2008இல் வரிக்குதிரை மீனின் கருக்களை நானோவெள்ளியில் வளர்த்துப் பார்த்தபோது இதயத்துடிப்பு மந்தமானது, முதுகுத்தண்டு வளைந்தது, வால் முறுக்கிக்கொண்டது. மீன் கரு கண்ணாடிபோல் இருக்கும், இதயம் துடிப்பது உருப்பெருக்கியில் தெரியும். அந்தப் படங்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீர்த்தெள்ளின் நிலை இன்னும் மோசம். அது தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி. தண்ணீரில் என்ன துகள் மிதந்தாலும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். அதோடு வெள்ளி அயனி அதற்குக் கொடிய நஞ்சு. ஆய்வகங்களில் சோதனைக்கு வைத்திருக்கும் டாஃப்னியா என்ற பெரிய நீர்த்தெள்ளில் பாதியை இரண்டு நாளில் முடக்க, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் சுமாருக்கு வெள்ளி அயனி போதும். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். நமக்குத் தீங்கில்லை என்று எழுதிவைத்த எல்லைக்கு வெகு கீழேயே ஓர் உயிர் அழிந்துவிடுகிறது. ‘மனிதருக்குப் பாதுகாப்பானது’ என்று எத்தனை புராஜெக்ட் அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! குளத்தில் குடியிருக்கிறவை மனிதர்கள் இல்லையே.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் கரைசல் லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் வெள்ளி. ஐந்து நாளில் தொட்டிக்குள் விட்டது பத்து மில்லிகிராம். அறுபது லிட்டருக்கு அது லிட்டருக்கு 166 மைக்ரோகிராம். மாடி டப்பில் ஒரு வாளியாகப் போய்க் கலந்த பிறகுகூட முப்பதுக்கு மேல். லாரித் தண்ணீரில் ஒன்றுமில்லை.

கல்லூரியின் கணக்கை என்னைப் போடவைத்தவர் எங்கள் ஆய்வக அட்டெண்டர் அக்கா. மர்பி டவுன் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மீன் செத்த அதே மாதக் கடைசி, பருவம் முடிந்து ஆய்வகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மேசைமேல் ஏழெட்டுக் குடுவைகள்.

“சார், இந்தக் காப்பித்தண்ணி எல்லாத்தயும் ஊத்திரட்டா?”

எல்லா வருடமும் கேட்பதுதான். எல்லா வருடமும் “ஊத்திடுங்கக்கா” என்று தலையைத் தூக்காமல் சொல்வேன். அன்று வாய் வரவில்லை.

“இது எங்கக்கா போகுது?” என்றேன்.

“மோரிக்குத்தான் சார். எங்கூட்டுப் பின்னாடிதான ஓடுது. முன்னல்லாம் அதுல கப்பி மீனு இருக்கும் சார், எம் பசங்க பாட்டில்ல புடிச்சாந்து வெச்சிருப்பாங்க. இப்ப அதுல எதுவும் இல்ல, நாத்தம் மட்டுந்தான்.”

மோரி என்றால் சாக்கடைக் கால்வாய். அந்த மோரியில் மீன் இல்லாமல் போனதற்கு நூறு காரணம் இருக்கும். சாக்கடை, சோப்பு, பட்டறைக் கழிவு, பிளாஸ்டிக். என் குடுவைதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் ‘நான் இல்லை’ என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று அன்று அந்த அக்கா முன்னால் நின்றபோது தெரிந்தது. எட்டு வருடமாக ஊற்றியவர் அவர், ஊற்றச் சொன்னவன் நான்.

அரை லிட்டர்க் குடுவையில் ஐம்பது மில்லிகிராம் வெள்ளி. அது முழுவதும் அயனியாகக் கரைந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற அளவுக்கு எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும்? ஐம்பதாயிரம் லிட்டர். எங்கள் தெருவுக்கு வரும் ஆறாயிரம் லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கும் மேல். ஒரே ஒரு குடுவை! வருடத்துக்குச் சுமார் பன்னிரண்டு லிட்டர் ஊற்றியிருப்போம். எட்டு வருடத்துக்கு வெள்ளி பத்துக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஜோடி மெட்டி அவ்வளவு எடை இருக்கும். அந்த மெட்டி எடை வெள்ளிக்கு, அதே கணக்கில், கிட்டத்தட்ட ஒரு கோடி லிட்டர் தண்ணீர்.

கணக்கு இப்படி என்றாலும் சாக்கடையில் நடப்பது வேறு என்பதையும் சொல்லவேண்டும். சாக்கடையில் கந்தகம் நிறைய உண்டு. வெள்ளி அதோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகிவிடும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் அதனால்தான். சல்ஃபைடு கரைவது அரிது, அதனால் நஞ்சும் வெகுவாகக் குறைந்துவிடும். சுத்திகரிப்பு நிலையம் வழியாகப் போனால் பெரும்பகுதி கசடோடு தங்கிவிடும். தண்ணீரில் உப்பும் மக்கிய பொருட்களும் இருந்தாலும் வீரியம் தணியும். இதையெல்லாம் படித்தபோது ஒரு நிமிடம் மூச்சு விட்டேன். ஆனால் அந்தக் கந்தகம் நான் போட்டது இல்லை. நாற்றமெடுத்த மோரி என் தவறை மூடிக்கொடுத்தது என்பதை ஒரு சமாதானமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மோரியைச் சுத்தம் செய்து நல்ல தண்ணீர் ஓடவிட்டால், என் குடுவை அதில் முழு வீரியத்தோடு இறங்கும். தங்கிய கசடும் எங்கோ ஒரு வயலுக்கு எருவாகத்தான் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பகுதிச் சாக்கடை ராஜகாலுவே என்ற பெருங்கால்வாயில் விழுந்து, கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. 2015இல் நுரை பொங்கிச் சாலையை மறித்த ஏரி. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்த ஏரி. அங்கிருந்து வர்த்தூர், வர்த்தூரிலிருந்து தட்சிண பினாகினி. ஓசூரைத் தொடும்போது கெலவரப்பள்ளி அணை, அப்போது அதன் பெயர் தென்பெண்ணை. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, பிறகு திருக்கோவிலூர்.

என் ஊர். சின்ன வயதில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தெளியவிட்டு, கையால் மொண்டு குடித்த ஆறு. ஊற்றுத் தண்ணீரில் சின்னதாக ஏதோ துள்ளும். அம்மா புடவைத் தலைப்பை மடித்து வடிகட்டிக் கொடுப்பாள். அது நீர்த்தெள்ளாகத்தான் இருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பிழைக்க வந்த ஊரில் நான் சிங்க்கில் ஊற்றியதன் பாதை, வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால், பிறந்த ஊரில் போய் முடிகிறது. வழியில் மூன்று அணை இருக்கின்றன, என் வெள்ளி அதுவரை போயிராது. இருந்தாலும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

இது ஆய்வகங்களோடு நிற்கும் விஷயமில்லை. நாற்றம் அடிக்காத காலுறை, பாக்டீரியா அண்டாத உள்ளாடை, சுவர்ப் பூச்சு, வாஷிங் மெஷின் என்று நானோவெள்ளி எங்கெங்கோ இருக்கிறது. 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடையில் வாங்கிய காலுறைகளை வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகள் நாலு அலசலுக்குள் தம் வெள்ளியை அநேகமாக முழுதும் தண்ணீரில் விட்டுவிட்டன. நாற்றம் போகும் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வெள்ளி, துவைத்த தண்ணீரோடு போய்விட்டது. இதற்கு மாறாக, குடிநீர் வடிகட்டியில் வெள்ளியைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகும் நாட்டில் அதற்கு அவசியம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு செய்தது போல அளந்து, கட்டுக்குள் வைத்து, மிகக் குறைந்த அளவில் அயனியை விடும் வேலைக்கும், காலுறை நாற்றத்துக்காக ஆற்றில் வெள்ளி விடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

ஒரு முழு ஏரியில் இது என்ன செய்யும் என்று கனடாக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் 222 என்று எண்ணிட்ட சிறு ஏரியில் 2014, 2015 கோடைகளில் மொத்தம் பதினைந்து கிலோ நானோவெள்ளியைச் சிறிது சிறிதாக விட்டார்கள். அல்சூரில் கண்டதுபோல மீன்கள் மொத்தமாகச் செத்து மிதக்கவில்லை. மஞ்சள் பெர்ச் என்ற மீன் கொஞ்சங் கொஞ்சமாக இரை தின்பதைக் குறைத்தது, எண்ணிக்கையில் தேய்ந்தது. மீன்களின் ஈரலில் வெள்ளி சேர்ந்திருந்தது. செய்தித்தாளில் வரும்படியாக எதுவும் நடக்கவில்லை. என்னை அதிகம் பயமுறுத்தியது இந்த ஆய்வுதான். அல்சூருக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடினேன், ஏனென்றால் அங்கே பிணங்கள் தெரிந்தன. மொட்டைமாடி டப்பில் செத்தவை மண் மாதிரி இருந்ததால் லாரிக்காரரைத் திட்டினேன்.

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ சாக்கடை கலக்கும் சேற்றுக்கரையில் வேறொரு கதை. 1970களில் அங்கே ஒரு சிறு மட்டியின் உடலில் வெள்ளியும் செம்பும் ஏறிக் கிடந்தன. வெள்ளியில் பெரும்பங்கு புகைப்படம் கழுவும் தொழிலிலிருந்து வந்தது. மட்டிகள் இனப்பெருக்கமே செய்யாமல் நின்றன. பிறகு கழிவு ஊற்றுகிற இடத்திலேயே கட்டுப்படுத்தினார்கள், சுத்திகரிப்பையும் மேம்படுத்தினார்கள். எண்பதுகளின் கடைசியில் மட்டிகள் மறுபடி கருவுற்றன. நிறுத்தினால் திரும்பி வருகிறது. இதை எல்லா வருடமும் வகுப்பில் சொல்கிறேன்.

தண்ணீர் லாரிக்காரரைத் தேடிப் போனேன். மே மாதம், வண்டி நிறுத்தும் இடத்தில் பிடித்தேன். பிடித்துவைத்த பணத்தைக் கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். என்ன தப்பு என்று விளக்கவும் பார்த்தேன். பாதியிலேயே, “விடுங்க சார், மீனுதான போச்சு, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலியே” என்றார். தெருவில் அந்த இரண்டு வீட்டுக்கும் போய் நானே சொன்னேன். ஒரு வீட்டார் மறுபடி அவரிடம் வாங்கினார்கள், இன்னொரு வீட்டார் வாங்கவில்லை.

ஆய்வகத்தில் இப்போது கால் லிட்டர்க் குடுவையே கிடையாது. சோதனைக்குப் பத்து மில்லி போதும், பத்து மில்லிதான் செய்கிறோம். சிங்க்குக்குப் பக்கத்தில் மூடிபோட்ட கரும்பழுப்புக் கேன் ஒன்று இருக்கிறது. குடுவையின் மிச்சமும், குடுவையை முதல் தடவை கழுவிய தண்ணீரும் அதில் போகும். உப்புப் போட்டு வைத்தால் துகள்கள் ஒட்டித் திரண்டு, வெள்ளி அடியில் படியும். கேனை அப்படியே ஆபத்தான கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குகிறோம். சாவி அட்டெண்டர் அக்காவிடம். மாணவர்கள் யாராவது சிங்க் பக்கம் குடுவையோடு போனால் அவர் குரல் வராந்தா வரை கேட்கும்.

புராஜெக்டிலும் ஒரு மாற்றம் செய்தேன். பெட்ரித் தட்டுக்குப் பக்கத்தில் மொய்னா விட்ட கண்ணாடிக் கிண்ணங்களும் வரிசையாக இருக்கும். தட்டில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுகிற மாணவர், அதே அட்டவணையில் 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எத்தனை மொய்னா துள்ளுகிறது என்றும் எண்ணி எழுதவேண்டும். வேப்பிலையில் செய்ததும் இரசாயனத்தில் செய்ததும் இரண்டு கிண்ணத்திலும் என்ன செய்கின்றன என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். முதல் தடவை கிண்ணத்தில் எல்லாம் அடியில் படிந்ததைப் பார்த்த ஒரு மாணவி, சொல்லாமலே எழுந்து போய்த் தன் குடுவையைக் கேனில் காலி செய்துவிட்டு வந்தாள்.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒவ்வொரு மார்ச்சிலும் எத்தனையோ கல்லூரிகளில் இலைச் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். குடுவை தேன் நிறமாகும், மாணவர்கள் கைதட்டுவார்கள். வழிகாட்டும் ஆசிரியர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் செய்முறை என்ற பகுதி முடியும் இடத்தில், மிச்சம் எத்தனை மில்லி, அது எங்கே போனது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போடுவதில்லை. கேன் வாங்க எங்களுக்கு முந்நூறு ரூபாய்தான் ஆனது.